இருபத்தேழு பிழைகள்

சுகாசினியின் தாளை ரமாமணி கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். நாற்பது பிள்ளைகளின் தாள்களைத் திருத்தியாகிவிட்டது. மிச்சமிருந்த அந்த ஒன்றை எடுக்கும்போதே எரிச்சல் வந்தது. நான்காம் வகுப்பில் அந்தப் பெண் எழுதிக் கொடுத்த எதையும் ரமாமணி கோபப்படாமல் திருத்தியதில்லை.

'நரி' என்று சொன்னதற்குத் 'தறி' என்று எழுதியிருந்தாள். 'மல்லி'க்குப் 'பல்லி'. 'மணி'க்குப் 'பணி'. 'நாய்'க்குத் 'தாய்'. பாதிக்குக் கீழே அதுவும் இல்லை. சொன்னதற்கும் எழுதியதற்கும் சம்பந்தமே இல்லை. 'கிணறு' வரவேண்டிய இடத்தில் 'யானை'. 'வெள்ளம்' இருக்கவேண்டிய இடத்தில் 'பம்பரம்'. கையெழுத்து மட்டும் அச்சில் வார்த்தது போல இருந்தது.

"பாருங்கோ சார், இதோட திமிர!" என்று தாளைத் தேவசகாயத்தின் பக்கம் தள்ளினாள். "நான் நரின்னு சொன்னா இவ தறின்னு எழுதறா. அவ அப்பா தறியில உக்காந்திருந்தா நாட்டுல நரியே கிடையாதா?"

2001 ஆகஸ்டு மாதம். காஞ்சிபுரத்தில் அது ஒரு நகராட்சி நடுநிலைப் பள்ளி. ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்களே தங்கள் வகுப்பில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, ஆராய்ந்து, கட்டுரையாக எழுதித் தரவேண்டும் என்று ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து அந்த வருடம் சுற்றறிக்கை வந்திருந்தது. அதற்குச் 'செயல் ஆராய்ச்சி' என்று பெயர். ரமாமணிக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். ஆராய்ச்சியைக் காலேஜில் இருப்பவர்கள் செய்துகொள்ளட்டும், எனக்குப் பாடம் நடத்த நேரம் கொடுத்தால் போதும் என்பது அவளுடைய கட்சி. ஆனால் தலைமை ஆசிரியர் அவள் பெயரையும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் தேவசகாயத்தின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டார். தேவசகாயம் ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். முப்பது வயது. தபால் வழியில் எம்.எட். படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் உண்மையாகவே ஆசை இருந்தது.

பிள்ளைகள் எந்த எழுத்தில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. நாற்பது வார்த்தைகளைச் சொல்லி எழுதவைத்து, பிழைகளை வகை பிரித்து ஒரு அட்டவணை போட்டார்கள். ல-ள-ழ ஒரு கட்டம். ர-ற ஒரு கட்டம். ந-ன-ண ஒன்று. குறில் நெடில் ஒன்று. விட்டுப்போன ஒற்று ஒன்று. எதிலும் அடங்காதவற்றுக்கு ஓரத்தில் 'மற்றவை'. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் இருந்தது. சுகாசினிக்கு இருபத்தேழு. மற்ற எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை பயிற்சி நிறுவனத்து விரிவுரையாளர் வீரபத்திரன் பார்வையிட வந்தார். நல்ல மனிதர். பதினாறு பள்ளிகளை மேற்பார்வை பார்க்கிற அலைச்சல் முகத்தில் தெரிந்தது. டீயைக் குடித்துக்கொண்டே அட்டவணையைப் பார்த்தவர் சுகாசினியின் வரிசையில் விரலை வைத்தார்.

"இது ஏன் இப்பிடித் துருத்திக்கிட்டு நிக்குது?"

"அது ஒரு மாதிரியான பொண்ணு சார். கூப்பிட்டா திரும்பாது. கேட்டா பதில் சொல்லாது. சொன்னாலும் ஏடாகூடமாத்தான் சொல்லும்," என்றாள் ரமாமணி.

"அப்ப எடுத்துடுங்க. ஒரு பிள்ளையால மொத்த சராசரியும் கெடுது பாருங்க. அன்னிக்கு வரலைன்னு போட்டுடுங்க. நாப்பது பேர்னா கணக்குப் போடவும் வசதி."

ரமாமணிக்கு அது நியாயமாகவே பட்டது. உடனே பேனாவை எடுத்தாள். அந்த வரிசையின் மேல் கோடு போடப் போனபோது தேவசகாயம் தாளின் மேல் கையை வைத்துவிட்டார்.

"டீச்சர், ஒரு நாள் இருங்க. நான் இன்னொருக்கா பாத்துட்டுத் தர்றேன்."

வீரபத்திரன் சிரித்தார். "பாருங்க, பாருங்க. அடுத்த மாசம் கட்டுரை வந்துடணும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அன்று பள்ளி விட்டபிறகு தேவசகாயம் அந்தத் தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டார். ரமாமணி பையைத் தோளில் மாட்டியபடி, போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றாள்.

"டீச்சர், இந்தப் பொண்ணு எழுத்துப் பிழையே செய்யல."

"இருபத்தேழு தப்பு சார்."

"தப்புதான். ஆனா எழுத்துப் பிழை இல்ல. மத்த பசங்க பழத்தைப் 'பலம்'னு எழுதியிருக்காங்க. காதுல விழுந்த மாதிரி எழுதுறதால வர்ற தப்பு அது. இவ எழுதுனதெல்லாம் நெஜமான வார்த்தை. தறிக்கு வல்லின ற சரியாப் போட்டுக்கினு இருக்கா. கிளாஸ்ல பாதிப் பேருக்கு அது தெரியாது." அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "மொத இருபது வார்த்தையில ஏழுதான் தப்பு. நரி, தறி. நாய், தாய். நடை, தடை. மணி, பணி. மல்லி, பல்லி. மடம், படம். மாடம், பாடம். ந வர்ற இடத்துல த போட்டிருக்கா. ம வர்ற இடத்துல ப. அதுக்கு மேல போகல. ஆனா இருபத்தொண்ணுலேருந்து ஒண்ணுகூடச் சரியில்ல. இருபத்தொண்ணாவது வார்த்தை சொல்லும்போது நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? சொன்னேன்."

"எங்க நின்னு சொன்னீங்க?"

ரமாமணி யோசித்தாள். முதலில் மேஜைக்கு முன்னால் நின்றுதான் சொன்னாள். சுகாசினி காப்பியடிப்பாள் என்று அன்றைக்கு மட்டும் அவளைப் பின்வரிசையிலிருந்து கொண்டுவந்து தன் எதிரில் தனியாக உட்கார வைத்திருந்தாள். மற்ற நாட்களில் உயரப்படி அவள் இடம் சுவரோரம். பாதி முடிந்ததும் மற்ற பிள்ளைகளைக் கண்காணிக்க நடக்க ஆரம்பித்தாள். வரிசைகளுக்கு நடுவே போய், கடைசியில் பின்சுவர் ஜன்னல் பக்கம் நின்று மிச்ச வார்த்தைகளைச் சொன்னாள்.

"பின்னால போயிட்டேன்," என்றாள்.

தேவசகாயம் 'மணி' என்று சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தார். பிறகு 'பணி' என்று அசைத்தார். திரும்ப ஒருமுறை இரண்டையும் அசைத்தார். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சேர்ந்து பிரிந்தது.

ரமாமணி பையைக் கீழே வைத்தாள்.

"இருக்காது சார். மூணு வருஷமா இதே ஸ்கூல்ல படிக்கிறது. யாருக்குமே தெரியாமயா இருக்கும்?"

"தெரியலியே டீச்சர். திங்கக்கெழம பாத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கேள்வி கேட்டால் பதில் சொல்லியிருக்கிறாள். பாடலை மற்றவர்களோடு சேர்ந்து சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் குழறலாகப் பேசுவாள், அது பழக்கம். கூப்பிட்டால் எல்லோரும் திரும்பும்போது அவளும் திரும்புவாள். ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடியைத்தான் ரமாமணி ஜூன் மாதத்திலிருந்து திமிர் என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்பில் தரையில் உட்கார்ந்ததும் ரமாமணி அவர்களுக்கு முன்னால் நின்றாள். தேவசகாயம் வருகைப் பதிவேட்டோடு வாசலில் நின்றார்.

"இன்னிக்கு ஒரு விளையாட்டு. எல்லாரும் முழங்கால்ல முகத்தை வச்சு, கண்ணை மூடிக்கணும். நான் பேரைக் கூப்பிட்டா கையைத் தூக்கணும். கண்ணைத் திறக்கவே கூடாது. சரியா?"

"சரி டீச்சர்!"

சுகாசினியும் சொன்னாள். அவள் கண் ரமாமணியின் முகத்திலேயே இருந்தது. எல்லோரும் குனிந்தபோது அவளும் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ரமாமணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சுவருக்குப் போனாள்.

"தனுஷ்."

கை உயர்ந்தது.

"கங்கா."

கை உயர்ந்தது. இன்னும் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டாள். எல்லாக் கையும் உயர்ந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"சுகாசினி."

அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நான்கடிதான் இருந்தது. கை உயரவில்லை.

"சுகாசினி!"

இரண்டு பக்கமும் இருந்த பிள்ளைகளின் தோள்கள் லேசாக அசைந்தன. சுகாசினியின் முதுகு மூச்சுக்கு ஏற்றபடி மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. வேறு அசைவில்லை. மூன்றாவது முறை ரமாமணி கத்தினாள். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

"எல்லாரும் எழுந்திருங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் அந்தப் பெண் மட்டும் தரையில், முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் தட்டி எழுப்பக் குனிந்தாள். ரமாமணி வேண்டாம் என்று கைகாட்டினாள். பிறகு நடந்துபோய்த் தோளைத் தொட்டாள்.

சுகாசினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சுற்றிலும் எல்லோரும் நிற்பதைப் பார்த்தாள். டீச்சர் எதிரில் நிற்பதைப் பார்த்தாள். அவசரமாக எழுந்து, எதுவும் கேட்காமல் வலது கையை முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்தாள்.

அடிவாங்குவதற்கு.

ரமாமணியின் கையில் அப்போது ஸ்கேல்கூட இல்லை. அவள் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேவசகாயம் ஓடிவந்து மற்ற பிள்ளைகளைத் தன் வகுப்புக்கு அழைத்துப் போனார். காலியான அறையில் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்குக் காது கேக்காதா?" என்று ரமாமணி மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

"கேக்கும் டீச்சர்," என்றாள் சுகாசினி. "வாயப் பாத்தா கேக்கும்."

"பாக்கலைன்னா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. வார்த்தை புரிந்தது, கேட்பதுதான் புரியவில்லை. "பாக்காம எப்பிடிக் கேக்கும்?" என்றாள். பிறகு, டீச்சர் கோபமாக இல்லை என்று கண்டுகொண்ட தைரியத்தில், "மூணாங்கிளாஸ்ல மீசை சார் பேசுனா ஒண்ணுமே தெரியாது. மீசை மூடிக்கும். மத்தவங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியுதுன்னு பாத்துக்கினே இருப்பேன்" என்றாள்.

"தெரியாத வார்த்தைக்கு ஏன் யானை, பம்பரம்னெல்லாம் எழுதினே?"

"சும்மா வுட்டா அடிப்பீங்க."

உலகத்தில் எல்லோருமே வாயைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள், தான் மட்டும் அதில் மந்தம் என்று ஒன்பது வயதுப் பெண் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ரமாமணிக்கு அழுகை வரவில்லை. அதைவிட மோசமாக இருந்தது.

மாலையில் தேவசகாயத்தையும் அழைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் சுகாசினியின் வீட்டுக்குப் போனாள். அப்பா தர்மன் தறியில் இருந்தார். டீச்சரைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். அம்மா அம்சா நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை ஒதுக்கிவிட்டுப் பாய் போட்டாள்.

"தப்பு ஏதாவது பண்ணிடுச்சா டீச்சரம்மா? நல்லா அடிச்சுச் சொல்லுங்க," என்றாள் அம்சா.

"அதெல்லாம் இல்லம்மா. உங்க பொண்ணுக்குக் காது சரியாக் கேக்கலைன்னு நினைக்கிறேன். உங்களுக்கு அது தெரியுமா?"

அம்சா கணவனைப் பார்த்தாள். பிறகு ரமாமணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமும் குழப்பமும் இருந்தன.

"தெரியுமே டீச்சரம்மா. நாலு வயசுல காய்ச்சல் வந்து ரெண்டு காதுலயும் சீழ் வச்சுக்கிச்சு. அப்பலேருந்தே மந்தம்தான். ஆஸ்பத்திரில சொட்டு மருந்து குடுத்தாங்க. பெரிசானா சரியாப் பூடும்னாங்க."

"அப்பறம் ஏன் ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லலை?" ரமாமணியின் குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. "மூணு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னேனேம்மா."

"யார்கிட்ட?"

அம்சா தயங்கினாள். தர்மன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்ககிட்டதாங்க. சேர்க்க வந்த அன்னிக்கு. எங்களுக்கு எழுத வராதுன்னு நீங்கதான் பாரம் எழுதிக் குடுத்தீங்க. காது கொஞ்சம் மந்தம், முன்னால உக்கார வையுங்கம்மான்னு இது சொல்லிச்சு. சரின்னு எழுதிக்கினீங்க."

இவர்கள் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று ரமாமணி நினைத்தாள். அதைச் சொல்லவும் வாயைத் திறந்தாள். ஆனால் 1998 ஜூனில் சேர்க்கை மேஜையில் உட்கார்ந்தவள் அவள்தான். ஒரு வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாரங்கள் எழுதினாள். ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை.

"நீங்க பெரியவங்க, எல்லாம் பாத்துக்குவீங்கன்னு நாங்க அதுக்கப்பறம் கேக்கல," என்றாள் அம்சா. குற்றம் சொல்கிற தொனி அதில் துளியும் இல்லை. காப்பி போடட்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே ரமாமணி பள்ளிக்குப் போய்விட்டாள். தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பழைய சேர்க்கைப் பாரங்கள் வருடவாரியாகக் கட்டிக் கிடந்தன. 1998 கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினாள். எண்பத்துமூன்றாவது பாரம். பெயர், பிறந்த தேதி, தந்தை தொழில் நெசவு. கீழே, குறிப்பு என்ற இடத்தில்:

'காது கேட்பது குறைவு. முன்வரிசையில் அமர்த்தவும்.'

நீல மையில், அவளுடைய கையெழுத்தில். 'வு'வை அவள் மட்டும் போடும் அந்த நீண்ட சுழிப்போடு. பக்கத்தில் அவள் சுருக்கொப்பம்.

தேவசகாயம் வந்து பார்த்தபோது அவள் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் எழுதியிருக்கேன் சார்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதை எழுதிக் கட்டி பீரோவுல வச்சுட்டு, ரெண்டு மாசமா அந்தக் குழந்தையை அடிச்சிருக்கேன்."

தேவசகாயம் தரையில் பரப்பிக் கிடந்த மற்றப் பாரங்களைப் பொறுக்கி மறுபடி கட்டினார்.

சின்ன காஞ்சிபுரத்தில் அவள் வீட்டில் அன்று இரவுச் சாப்பாடு அப்படியே இருந்தது. பாங்க்கில் வேலை பார்க்கும் கணவர் முரளீதரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாப்பது பேர் இருக்கிற கிளாஸ். நீ என்ன டாக்டரா? யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? விட்டுத்தள்ளு," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ரமாமணி தட்டில் சாதத்தின் மேல் விட்டிருந்த சாத்தமுதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இல்லைங்கறதுக்கு நான் அழலை. எழுதி வச்சிருந்தேன். ஒருநாள் திறந்து பாத்திருந்தாப் போறும். அதைப் பாக்கணும்னு தோணவே இல்லை. திமிர்னு முடிவு பண்ணிட்டேன், அவ்வளவுதான்."

அந்த வாரமே சுகாசினியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதனை செய்த டாக்டர், வலது காது ஏறக்குறைய போய்விட்டது, இடது காதில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது என்றார். சீழை முன்பே கவனித்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றும் சொன்னார். எவ்வளவு முன்பே என்று ரமாமணி கேட்டாள். "ரெண்டு மூணு வருஷம் முன்னாடி" என்றார். அவள் வெளியே வந்து வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கட்டுரையை எழுதுவதா வேண்டாமா என்று அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அட்டவணையில் நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள். ல-ள-ழ பற்றிய பகுதி மூன்று பக்கத்தில் முடிந்தது. மிச்சம் ஒன்பது பக்கம் 'மற்றவை' கட்டத்தைப் பற்றியது. பன்னிரண்டு வார்த்தைகள் கொண்ட ஒரு சின்னப் பட்டியலைத் தேவசகாயம் தயாரித்தார். எல்லாம் உதட்டில் ஒன்றுபோலத் தெரிகிற வார்த்தைகள். எதிரில் நின்று ஒருமுறை, பின்னால் நின்று ஒருமுறை சொல்லி எழுதவைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. இரண்டு தாளுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் அந்தப் பிள்ளையை டாக்டரிடம் அனுப்பவேண்டும். கடைசிப் பக்கத்தில் சேர்க்கைப் பாரத்தைப் பற்றி ரமாமணி தானே எழுதினாள்.

நவம்பரில் கருத்தரங்கு. அறுபது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். மேடைக்குப் போவதற்கு முன் வீரபத்திரன் அவளை ஓரமாக அழைத்தார்.

"படிச்சேன்மா. அந்தக் கடைசிப் பக்கம் வேண்டாமே. உங்க பேருக்கே நல்லதில்ல. நாளைக்கு மேல இருந்து விளக்கம் கேட்டா?"

"கேக்கட்டும் சார்."

"இல்லம்மா, அது இல்லாமலே ஆராய்ச்சி முழுசாத்தானே இருக்கு?"

"இல்ல சார். எனக்குத் தெரியாததை ஆராய்ச்சி கண்டுபிடிச்சதுன்னு நான் படிச்சா அது பொய். எனக்குத் தெரிஞ்சு நான் மறந்ததைத்தான் அது கண்டுபிடிச்சிருக்கு."

அவள் எல்லாவற்றையும் படித்தாள். கண்ணை மூடச் சொன்னதையும், நீட்டிய உள்ளங்கையையும் விடவில்லை. சேர்க்கைப் பாரத்தின் வரியைப் படித்ததும் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். படித்து முடித்தபிறகு யாரும் கைதட்டவில்லை. வீரபத்திரன் எழுந்து நின்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்லப் போகிறார் என்று ரமாமணிக்குத் திக்கென்றது.

"இந்தப் பிள்ளையைக் கணக்குலேருந்து எடுக்கச் சொன்னது நான்தான்," என்றார். மதியத்துக்குள் அந்தப் பட்டியலை அறுபது பிரதி ஜெராக்ஸ் எடுத்துவரச் செய்தார்.

டிசம்பரில் ஒரு முகாமில் சுகாசினிக்குக் காது கேட்கும் கருவி கிடைத்தது. சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற பெட்டியும் அதிலிருந்து காதுக்குப் போகிற வயரும். முதல் நாள் வகுப்பில் மாட்டிய ஐந்தாவது நிமிடமே கழற்றிவிட்டாள். "எல்லாரும் கத்துறாங்க டீச்சர்" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அவள் இன்னும் பின்தங்கியே இருந்தாள். போன மூன்று வருடப் பாடத்தையும் ரமாமணி மதிய இடைவேளையில் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ஸ்கேல் மேஜை டிராயரிலிருந்து கோடு போட மட்டும் வெளியே வந்தது.

இதற்கிடையில் மற்றப் பள்ளிகளிலிருந்து செய்தி வர ஆரம்பித்தது. முதலில் காது கேளாத இரண்டு பிள்ளைகள். பிறகு நான்கு. பொங்கல் விடுமுறைக்கு முன் வீரபத்திரன் வந்து, மொத்தம் பதினொன்று என்றார். அதில் ஒரு பிள்ளை ஏழாம் வகுப்பு. பதினொன்று என்று அவர் சொன்னபோது ரமாமணியும் தேவசகாயமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருடம் அந்தப் பதினொன்று எங்கே இருந்தது என்ற கேள்விதான் இருவர் முகத்திலும் இருந்தது.

ஜனவரி கடைசியில் ஒருநாள் மதியம் பரமசிவம் என்ற ஆசிரியர் அவளைத் தேடி வந்தார். கருத்தரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர். கண்டிப்பான வாத்தியார் என்று வட்டாரம் முழுக்கப் பெயர் வாங்கியவர். ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. கையில் நாலாக மடித்த ஜெராக்ஸ் தாள் வைத்திருந்தார்.

"வச்சுப் பாத்தேம்மா. என் கிளாஸ்ல முப்பத்தெட்டுப் பசங்க. ரெண்டு தடவ வச்சேன். யாருமில்ல. எல்லாருக்கும் நல்லாக் கேக்குது."

"நல்லதாப் போச்சு சார்," என்றாள் ரமாமணி.

அவர் தலையாட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தாளை விரித்து மறுபடி மடித்தார்.

"இந்த வருஷம் யாருமில்ல. ஆனா முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் பண்ணிட்டேனேம்மா. கூப்பிட்டா திரும்பாதவன்னு எத்தினி பேர அடிச்சிருக்கேன் தெரியுமா? செவுடா செவுடான்னு திட்டித் திட்டி அடிச்சிருக்கேன். அதுல யாராரு நெஜமாவே..." அவர் நிறுத்தினார். "ஒரு பையன் ஞாபகம் வர்றான். பேர் வரல. எழுபத்தொம்பதோ எம்பதோ. அடி தாங்காம ஸ்கூல விட்டே நின்னுட்டான். தேடிப் போலாம்னு பாத்தா பேரு வர மாட்டேங்குது."

பழைய சேர்க்கைப் பாரங்களைப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள். எண்பத்தைந்து மழையில் எல்லாம் நனைந்து வீணாகிவிட்டது என்றார்.

ரமாமணி பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அவர் எதிரில் வைத்தாள். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டார், குடிக்கவில்லை. மதிய மணி அடித்தது. வகுப்புக்குப் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் எழுந்திருக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.